ராத்திரிக்கு 780 ரூவாயா? அந்த 21,240 எங்க தம்பி?

பேட்டை அண்ணாச்சி:
நேத்து வண்ணாரப்பேட்டை தம்பி ஒரு கணக்கு போட்டிருந்தாரு. டைம்ஷேர்னா ஒரு ரிசார்ட்ல வருசத்துக்கு இத்தன ராத்திரி தங்குற உரிமைய பல வருசத்துக்கு மொத்தமா வாங்குறது. அது ஒண்ணு ரீசேல்ல, அதாவது முன்ன வாங்குனவருகிட்ட இருந்து கைமாறி, 60,000 ரூவாய்க்கு வருது, இன்னும் 11 வருசம் பாக்கி இருக்கு, வருசத்துக்கு 7 ராத்திரி, ஆக 77 ராத்திரி, ஒரு ராத்திரிக்கு 780 ரூவாதான், இனிமே எவனாவது ரூம் வாடகைக்கு எடுப்பானான்னு கேட்டிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. வருசா வருசம் கட்டுற மெயின்டனன்ஸ் எங்க தம்பி? என் மச்சினன் இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கான், 18,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 21,240. போனாலும் கட்டணும், போவாட்டியும் கட்டணும். அத ஏழால வகுத்துப் பாருங்க, ராத்திரிக்கு 3,034. ஒங்க 780ஐயும் சேத்தா 3,800 தாண்டிருது. இத மறைச்சு எழுதுனா படிக்கிறவன் நம்பி துட்டக் கொண்டு போயிக் கொட்டிருவாம்லா.

வண்ணாரப்பேட்டை தம்பி:
மறைக்கல அண்ணாச்சி, நான் சொன்னது வாங்குற வெல. மெயின்டனன்ஸ் வேற. வீடு பூட்டிக் கெடந்தாலும் தீர்வை கட்டத்தான செய்யுதோம், அதுக்காவ சொந்த வீட்ட வாடகை வீடுன்னு சொல்லுவீயளா? மே மாசம் கொடைக்கானல்ல நல்ல ரூம் 6,000க்கு கொறஞ்சு எனக்கு கெடச்சதே இல்ல. கம்பெனில நேரா வாங்குனவுக லட்சக்கணக்குல குடுத்தாவ, நான் 60,000ல முடிக்கேன்.

பேட்டை அண்ணாச்சி:
தீர்வை கட்டுற வீட்டுக்கு ஒங்க பேர்ல பத்திரம் இருக்கு. இதுக்கு பத்திரம் எங்க? நம்ம நாட்டுல பெரும்பாலும் தங்குற உரிமைய மட்டுந்தான் விக்காவ, காலம் முடிஞ்சா கையில ஒண்ணும் மிஞ்சாது. மச்சினன் 2011ல 25 வருசத்துக்கு வாங்குனான். பெட்ரோல் பங்க்ல ஒரு கூப்பன் எழுதிப் போட்டான், பரிசு விழுந்திருக்கு, வீட்டம்மாவோட வாங்கன்னு ஓட்டலுக்குக் கூப்பிட்டாவ, மூணு மணி நேரம் உக்கார வச்சு காப்பியும் கட்லெட்டும் குடுத்து கையெழுத்து வாங்கிட்டாவ. கம்பெனி பேரு வேண்டாம். 2020ல லாக்டவுன், தெருமுக்கு கடைக்கே போவ முடியல, அந்த வருசமும் பில்லு வந்துச்சு. தங்கச்சி அந்தத் தாள அரிசிப் பானைக்கு அடியில மடிச்சு வச்சிருந்தா, மச்சினன் கண்ணுல பட்டா சண்ட வரும்னு. அப்ப தொக கம்மி, ஏறி ஏறி இப்ப 21,240ல நிக்கி. இன்னும் 11 வருசத்துல எங்க போயி நிக்கும், சொல்லுங்க.

ஓர்லாண்டோ நெல்லையன்:
நான் ஃப்ளோரிடால இருக்கேன், டைம்ஷேர் மலிஞ்ச ஊரு. இங்க ஈபேல ஒரு டாலருக்குப் போட்டும் வாங்க ஆளில்லாம கெடக்கது உண்டு, மெயின்டனன்ஸுக்கு பயந்துதான். நான் வாங்கல, வச்சிருக்கவுககிட்ட அந்த வாரத்த வாடகைக்கு எடுத்துக்கிடுவேன். ஆனா எல்லாத்தையும் குப்பைன்னு தள்ளவும் முடியாது, டிஸ்னி கம்பெனியோட டைம்ஷேர் கிளப்பு 1991ல இருந்து ஓடுது, ரீசேல்ல நல்ல வெலைக்குப் போவுது, வெல ரொம்ப எறங்குனா கம்பெனியே முந்தி வாங்கிக்கிடுற உரிமையும் அவங்களுக்கு உண்டு.

வண்ணாரப்பேட்டை தம்பி:
பாத்தியளா அண்ணாச்சி, நல்ல வெலைக்குப் போவுதுன்னு அமெரிக்காவுல இருக்கவரே சொல்லுதாரு.

பேட்டை அண்ணாச்சி:
ஒரு டாலர்னு மொத வரில எழுதிருக்காரே, அது கண்ணுல படலியா? சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு ஏன் ஓடுதாவ? அந்த 21,240 மாதிரி ஒண்ணு அங்கயும் இருக்கு, அதான்.

டவுன் அல்வா:
நெல்லைக்காரனுக்கு எதுக்கு வே இதெல்லாம்? நம்ம குத்தாலம் இருக்கு. ஆனி ஆடி சாரல்ல காலைல பஸ் ஏறுனா ஐந்தருவில குளிச்சுட்டு செங்கோட்டை பார்டர்ல பரோட்டா தின்னுட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம்.

தென்காசி சாரல்:
நம்ம குத்தாலம்னு இன்னும் எத்தன நாளைக்கு சொல்லுவீரு? 2019 நவம்பர்லயே தென்காசி தனி மாவட்டம் ஆயாச்சு.

டவுன் அல்வா:
மாவட்டம் பிரிஞ்சா சாரலும் பிரிஞ்சிருமா? எங்க தாத்தா காலத்துல இருந்து குளிச்ச தண்ணி வே அது.

தென்காசி சாரல்:
குளிச்சுட்டு மங்குஸ்தான் தோல ரோட்டுல வீசிட்டுப் போறதும் தாத்தா காலத்துப் பழக்கமா? அள்ளுறது எங்க ஊர்க்காரன்.

பேட்டை அண்ணாச்சி:
குத்தாலம் யாருக்குங்கிறத பொறவு பேசுங்கய்யா. தம்பி, ஒண்ணு கேக்கேன். டைம்ஷேர்காரவுக வாரத்த ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட வழி பண்ணுற ஆர்சிஐ கம்பெனி முறையில, செவப்பு வாரம் கிராக்கியான காலம், வெள்ள நடுத்தரம், நீலம்னா ஆளே வராத காலம். நீங்க வாங்கப் போறது எந்தக் கலரு?

வண்ணாரப்பேட்டை தம்பி:
வெள்ள. கூட்டமில்லாம நிம்மதியா போயிட்டு வருவோம்.

பேட்டை அண்ணாச்சி:
அப்ப மே மாசத்து 6,000 ரூவா ரூம எதுக்கு இழுத்திய? ஒங்களுக்குத்தான் மே மாசமே கெடையாதே! பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் நடக்கையில ஏழு நாள் லீவு போட்டு போவ முடியுமா? கூட்டமில்லாத காலத்துல வாடகை ரூமும் வெல எறங்கித்தான் கெடக்கும், அதுல 3,800க்கு கீழ கெடைக்காதா? போவாத வருசம் ஒரு பைசா செலவும் இல்ல.

வண்ணாரப்பேட்டை தம்பி:
போன வருசம் நான் சோலார் பேனல் போடும்போதும் இப்படித்தான் பத்து பதிவு எழுதுனிய. இப்ப என் வீட்டு கரண்டு பில்ல வந்து பாருங்க. அடுத்தவன் ஒண்ணு வாங்குனா ஒங்களுக்கு பொறுக்காது. திங்கக்கிழமை அட்வான்ஸ் குடுக்கப் போறேன்.

பேட்டை அண்ணாச்சி:
பொறுக்காதா? என் தங்கச்சி அழுதத கண்ணால பாத்தவன் நான், அந்த வயித்தெரிச்சல்ல சொல்லுதேன். குடுங்க, ஒங்க துட்டு. குடுக்கதுக்கு முன்ன விக்கிறவருகிட்ட இந்த வருச மெயின்டனன்ஸ் கட்டுன ரசீதக் கேட்டு வாங்குங்க, பழைய பாக்கி இருந்தா ஒங்க தலையில வந்து விடியும். பேரு மாத்த கம்பெனிக்கு எவ்வளவு கட்டணும்னும் கேளுங்க. 60,000ங்கிறது அங்கயே நிக்காது. 21,240க்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

வண்ணாரப்பேட்டை தம்பி:
சொல்லியாச்சு. தீர்வை மாதிரி.

பேட்டை அண்ணாச்சி:
பத்திரம் எங்க?

தென்காசி சாரல்:
மெயினருவில தண்ணி கூடிட்டு, குளிக்க விடல. நெல்லைல இருந்து வாரவுக கேட்டுட்டு கெளம்புங்க.

டவுன் அல்வா:
நெல்லைல இருந்து வாரவுகன்னு பிரிச்சுப் பேசாதீரும், சொல்லிட்டேன்.