டி.பார்ம் பயிற்சிக்கு வருபவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதில் தொடங்கவைப்பது?

நீடாமங்கலம் பக்கம்:
அடுத்த மாதம் டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) முடித்த இரண்டு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். மூன்று மாதம், 500 மணி நேரம். அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்திருக்க வேண்டும். இங்கே மருந்தாளுநர் நான் ஒருத்திதான். சம்பா நடவு சமயம், எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். வெறும் மாத்திரை அட்டை வெட்டவைத்து அனுப்ப மனசு வரவில்லை. அவசரத்தில் மருந்து மாறிவிடவும் கூடாது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஸ்டோர்_சாவி:
முதல் பத்து நாள் மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கமே விடாதீர்கள், மேடம். ஸ்டோர்தான். இண்டெண்ட்படி (நாம் கேட்டு அனுப்பிய பட்டியல்படி) வந்த பெட்டியை பேட்ச் எண், காலாவதித் தேதி பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றட்டும். முந்திக் காலாவதியாவது முன்வரிசையில். ஃபிரிட்ஜ் வெப்பநிலையைக் காலை, மாலை எழுதட்டும்: 2 முதல் 8 டிகிரி. இன்சுலின் ஃப்ரீசர் தட்டை ஒட்டி இருந்து உறைந்தால், உருகிய பிறகும் கொடுக்கக்கூடாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாமல் போகலாம்.

அட்டை வெட்டுவதும் பாடம்தான். தேதி அச்சடித்த முனையைக் கடைசிவரை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். இல்லையென்றால் மிச்சத் துண்டுக்குத் தேதியே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து முகரச் சொல்லுங்கள். வினிகர் வாடை அடித்தால் மாத்திரை சிதையத் தொடங்கிவிட்டது.

பாம்புக்கடி மருந்தையும் தினமும் எண்ணட்டும். முதல் டோஸுக்கே 10 குப்பி வரை தேவைப்படும். கையிருப்பு அதற்குக் கீழே போகவிடக்கூடாது.

கவுண்டர்_2:
பிறகு ஜன்னலில் இரண்டு கை முறை. ஒருவர் சீட்டை வாய்விட்டுப் படித்து மருந்தை எடுத்து வைக்கட்டும்; நீங்கள் பார்த்துத் தலையசைத்த பிறகே கவரில் போட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், அட்டெனலால் இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்தால் வரிசை நீளும்போது கை மாறத்தான் செய்யும்.

குழந்தை மருந்தில் எடையைக் கேட்காமல் பாட்டிலைத் தொடக்கூடாது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள பாட்டிலில் 6 மில்லி, 250 உள்ளதில் 3 மில்லி. லேபிளைப் பார்க்காவிட்டால் டோஸ் இரட்டிப்பாகும். அளவு மூடியில் கோட்டைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், வீட்டுக் கரண்டி வேண்டாம்.

வடவாறு:
இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் நம்ம ஊரில் மருந்து வீணாவது பேச்சில்தான். 'காலைச் சாப்பாட்டுக்கு முன்' என்று சொல்லி அனுப்பினால், நடவுக்குப் போகிற அம்மா ஆறு மணிக்குச் சர்க்கரை நோய் மாத்திரையான கிளிபிசைடு போட்டுவிட்டு வயலில் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார். நடுவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கண் இருட்டும். அதனால் முதல் கேள்வி, 'எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?' அந்த நேரத்துக்கு அரைமணி முன்னால் போடச் சொல்லட்டும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒரே வேளையில் கூடாது. இரும்பு உடம்பில் சேராது. ஒன்று மதியம், ஒன்று இரவு என்று இரண்டு கவராகக் கொடுக்கட்டும்.

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா' என்று கேட்கப் பழக்குங்கள். என்னைக் கேட்டால் மூன்று மாதத்தில் இது ஒன்று வந்தாலே போதும்.

நீடாமங்கலம் பக்கம்:
ரொம்ப நன்றி. 250 மணிக் கணக்கை எப்படி எழுதுவது?

கவுண்டர்_2:
தினம் ஆறரை மணி, 78 நாள் என்றால் 507 மணி வரும். ஸ்டோர் நேரம், ஜன்னல் நேரம் என்று தனித்தனிப் பத்தி போட்டு அன்றன்றே கையெழுத்திடுங்கள். மாறிப்போகப் பார்த்து, கொடுக்கும் முன்பே கண்டுபிடித்த மருந்துகளையும் அதே பக்கத்தில் எழுதட்டும்: எந்த மருந்து, எதனால் மாறியது. இரண்டு வாரத்தில் எந்தத் தட்டை மாற்றி அடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.