அல்கார்வ் கடற்கரையில் ஒரு வாரம்: கார் இல்லாமல், பெற்றோருடன், சைவச் சாப்பாட்டுடன்

செல்வி_ரெடிங்

வணக்கம். செப்டம்பர் நடுவில் இங்கிலாந்திலிருந்து போர்ச்சுகலின் அல்கார்வ் பகுதிக்குப் போகிறோம். ஃபாரோ விமான நிலையத்தில் இறங்குகிறோம், ஏழு இரவு தங்கல். நான், கணவர், ஆறு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி, நிறையப் படி இறங்கினால் திரும்ப ஏற முடியாது. அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம்.

இணையத்தில் எல்லோரும் லாகுஷ், அல்புஃபேய்ரா என்றுதான் எழுதுகிறார்கள். எங்களுக்கும் அதுதான் சரியா? கார் எடுக்காமல் சமாளிக்க முடியுமா? பெனஜில் கடற்குகையைப் பார்க்க மகனுக்கு ஆசை, அங்கே இப்போது ஏதோ கட்டுப்பாடு என்கிறார்கள். அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குக்காற்று

வணக்கம் செல்வி. முதலில் தங்கும் ஊரை முடிவு செய்யுங்கள், மற்ற பாதிக் கேள்விகள் தானாகத் தீர்ந்துவிடும்.

அல்கார்வின் தென்கரை ஒரே மாதிரியானது இல்லை. ஃபாரோவுக்கு மேற்கே, அல்புஃபேய்ராவிலிருந்து லாகுஷ் வரை, நீங்கள் படங்களில் பார்க்கும் மஞ்சள் பாறைச் சுவர்கள். அடியில் சின்னச் சின்ன மணல் திட்டுகள், இறங்கப் படிகள். லாகுஷில் கமீலு கடற்கரைக்கு மட்டும் ஏறத்தாழ 200 மரப்படிகள். ஃபாரோவுக்குக் கிழக்கே பாறை கிடையாது. ரியா ஃபர்மோசா என்ற காயலும், அதற்கு வெளியே நீண்ட மணல்தீவுகளும்தான். படகில் போய் இறங்கினால் சமதரை. கடல்நீரும் கிழக்கே போகப்போகச் சற்று வெதுவெதுப்பாகும். செப்டம்பரில் தவீரா பக்கம் 21, 22 டிகிரி இருக்கும். தென்மேற்கு மூலையில் உள்ள சாக்ரெஷைத் தாண்டிய மேற்குக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதால் கோடையிலும் உடம்பு விறைக்கும். ஆறு வயதுப் பிள்ளை அங்கே தண்ணீரில் நிற்க மாட்டான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது தவீரா. ஊர் நடுப்பகுதி பெரும்பாலும் சமதரை, நடுவில் ஆறு, ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. அல்கார்வ் ரயில்பாதை லாகுஷிலிருந்து ஃபாரோ வழியாக ஸ்பெயின் எல்லையில் உள்ள வில ரியல் வரை போகிறது. ஃபாரோ–தவீரா சுமார் நாற்பது நிமிடம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பாதையில் சில நிலையங்கள் ஊரின் பெயரை மட்டும்தான் தாங்கியிருக்கின்றன. அல்புஃபேய்ரா நிலையம் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஃபெரெய்ராஷில் இருக்கிறது. லொலே நிலையமும் அப்படித்தான். தவீரா, ஒல்யான், ஃபாரோ, லாகுஷ் ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விமான நிலையத்திலிருந்து 16 எண் நகரப் பேருந்து ஃபாரோ ஊருக்குள் வரும், ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஆனால் பெட்டி, பிள்ளை, பெரியவர்களோடு முதல் நாள் அது வேண்டாம். நேராகத் தவீராவுக்கு வண்டி சொல்லிவிடுங்கள். நீங்கள் ஐந்து பேர், சாதாரண டாக்ஸியில் நால்வர்தான் ஏறலாம். ஆறு இருக்கை வண்டியை, குழந்தை இருக்கையோடு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ரயிலில் 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். நான்கு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பாதிதான். ஆளில்லாத சிறு நிலையத்தில் ஏறினால் வண்டியில் நடத்துநரிடம் டிக்கெட் வாங்கலாம். வேலைநிறுத்தம் அங்கே சகஜம். கிளம்புவதற்கு முந்தின இரவு ரயில்வே தளத்தில் 'க்ரேவ்' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு ஏற்ற கடற்கரை பர்ரீல். தவீராவை அடுத்த சாந்தா லுசீயாவுக்குப் பக்கத்தில் பெட்ராஷ் டெல் ரெய் என்ற இடத்தில் மிதவைப் பாலத்தைக் கடந்தால் சிறிய ரயில் ஒன்று மணல்மேட்டுக்கு நடுவே கடற்கரை வரை கொண்டுபோய் விடும். நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்பு சூரை மீன்பிடிக்காரர்கள் தங்கிய வீடுகள்தான் இப்போது உணவகங்கள். அவர்களுடைய துருப்பிடித்த நங்கூரங்களை மணலில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். படகும் ரயிலும் எதற்கு என்றால் மோன்டி கோர்டு, மான்டா ரோட்டா இரண்டும் தீவு இல்லை, தரையோடு ஒட்டிய கடற்கரைகள், மரப்பலகைப் பாதை உண்டு. 'அணுகக்கூடிய கடற்கரை' என்ற அடையாளப் பலகை உள்ள இடங்களில் தண்ணீருக்குள் இறங்கும் சக்கர நாற்காலியும் பல இடங்களில் கிடைக்கும், உயிர்காப்பாளரிடம் கேட்டால் போதும்.

கதிர்_ஓட்டுநர்

தவீரா சரியான தேர்வு. ஆனால் காரே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். மேற்குப் பக்கம் பார்க்க ரயிலில் ஃபாரோ மாறி லாகுஷ் போனால் ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. வாரம் முழுக்க எடுக்காமல் நடுவில் இரண்டு நாள் மட்டும் எடுங்கள்.

அல்கார்வை நீளவாக்கில் கடக்கும் ஏ22 நெடுஞ்சாலைக்கு 2025 ஜனவரி 1 முதல் சுங்கம் கிடையாது. பழைய பதிவுகளில் கருவி, கேமரா, அபராதம் என்று படிப்பதெல்லாம் அதற்கு முந்திய கதை. வாடகைக் கவுண்டரில் சுங்கக் கருவிக்கு நாள் வாடகை கேட்டால், அல்கார்வுக்குள் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் தேவையில்லை. லிஸ்பனுக்குப் போகும் ஏ2-வில் சுங்கம் இன்னும் உண்டு. கருவி இல்லாமல் பச்சை நிற 'வி' குறியிட்ட தடத்தில் நுழையாதீர்கள். சுங்கத்துக்கு அஞ்சி எல்லோரும் ஓடிய என்125 சாலையில் ரவுண்டானாவும் நெரிசலும் அதிகம், தூரப் பயணத்துக்கு ஏ22 தான்.

ஐந்து இருக்கைக் கார் என்றால் ஐந்து பேர் சௌகரியமாக உட்கார முடியும் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டு 135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை அங்கே கட்டாயம். அது பின்னால் நடு இடத்தில் ஏறினால் இருபக்கமும் பெரியவர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும், பெல்ட் மாட்டவே கை போகாது. ஏழு இருக்கை வண்டி எடுங்கள். கியர் வண்டிதான் அங்கே வழக்கம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் இப்போதே பதிவு செய்யுங்கள். டெபாசிட், ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடிப்பார்கள், சில நேரம் ஆயிரம் யூரோவுக்கு மேலும் போகும். வெளியே தனியாக வாங்கிய காப்பீடு இருந்தாலும் அந்தத் தொகை முடக்கப்படும், எனவே கார்டில் இடம் வைத்திருங்கள். எடுக்கும்போது சக்கர விளிம்பு, கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் காணொளியாக எடுத்துவிடுங்கள்.

இங்கிலாந்து உரிமம் போதும். வலப்பக்கம் ஓட்டுவது நேர்சாலையில் சிக்கல் இல்லை, ஆளில்லாத சிறு சாலையிலிருந்து இடது திரும்பும்போதுதான் கை பழக்கத்துக்குப் போகும். அந்த நேரம் பக்கத்தில் இருப்பவர் 'வலம்' என்று சத்தமாகச் சொல்வது உதவும்.

மீன்கொத்தி

கடல் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கொடிகள்: பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. பலர் மஞ்சளை 'கவனமாக நீந்தலாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. சிவப்பு என்றால் தண்ணீருக்குள் போகவே கூடாது. நீலம்–வெள்ளைக் கட்டம் போட்ட கொடி, உயிர்காப்பாளர் தற்காலிகமாக இல்லை என்பதற்கு.

ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்): மத்தியதரைக் கடல் மாதிரி இது அசையாத கடல் இல்லை. பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்டம் மூன்று மீட்டர் வரை, சில நாள் அதற்கும் மேலே மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கோடை நேரப்படி காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் நன்றாக வற்றியிருக்கும், பிற்பகல் மூன்று, நான்குக்கு உச்சம். காலையில் பாறை இடுக்கு வழியாக அடுத்த கடற்கரைக்கு நடந்து போனவர்கள் மதியம் திரும்ப வழியின்றி நிற்பது இதனால்தான். போர்ச்சுகல் நீரியல் நிறுவனம் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அந்த வாரத்துக்கானதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவீரா பக்கம் ஆபத்து வேறு இடத்தில்: தீவுகளுக்கு இடையே காயல் கடலோடு சேரும் வாய்க்கால்களில் ஓதம் திரும்பும்போது இழுப்பு கடுமையாக இருக்கும். அமைதியாகத் தெரிந்தாலும் அங்கே பிள்ளையை இறக்காதீர்கள்.

பாறை: அந்த மஞ்சள் சுவர்கள் சுண்ணாம்புப் பாறை, உள்ளே அரித்து அரித்துத் துளை விழுந்தவை. 2009 ஆகஸ்டில் அல்புஃபேய்ராவின் மரியா லுயீசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். பாறையின் உயரம் எவ்வளவோ அதில் ஒன்றரை மடங்கு தள்ளி உட்கார வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. இருபது மீட்டர் சுவர் என்றால் முப்பது மீட்டர். மதிய வெயிலில் பாறை நிழல் தேடி ஒதுங்குவதுதான் எல்லோரும் செய்வது. குடை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

பெனஜில்: 2024 ஆகஸ்ட் முதல் குகைக்குள் மணலில் இறங்க அனுமதி இல்லை. நீந்திப் போவதும் தடை. வழிகாட்டி இல்லாத வாடகைக் கயாக்கும் கிடையாது. படகிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். பெரிய கட்டமரான் படகுகள் உள்ளே நுழையாது, வாசலோடு சரி. பதிவு செய்யுமுன் 'உள்ளே போகுமா' என்று கேளுங்கள். சிறு படகாக, காலை நேரமாக எடுங்கள், பிற்பகலில் காற்று கிளம்பும். அலை பெரிதாக இருந்தால் காலையிலும் உள்ளே விட மாட்டார்கள். அதனால் பயணத்தின் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள், ரத்தானால் மாற்ற இடம் வேண்டும். மகனுக்கு அவன் அளவு மிதவைச் சட்டை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். மேலே நின்று குகையின் கூரைத் துளையைப் பார்க்கலாம், வேலியைத் தாண்டவே கூடாது.

இன்னொன்று: வற்றும் நேரத்தில் ஆழமற்ற மணலில் 'பெய்ஷ் அரான்யா' என்ற சிறு முள்மீன் புதைந்திருக்கும். மிதித்தால் வலி உயிர் போகும். பனிக்கட்டி வைக்காதீர்கள். அதன் விஷம் சூட்டில் சிதையும். தோல் வெந்துவிடாத, தாங்கக்கூடிய சூட்டு நீரில் காலை அரை மணிக்கு மேல் வைக்க வேண்டும். கடற்கரை உயிர்காப்பாளருக்கு இது பழக்கம். ரப்பர் காலணி போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மூச்சுத் திணறல், வீக்கம் பரவுதல் என்றால் 112.

அன்னலட்சுமி_எஸ்

அம்மாவுக்காக: சமையலறையோடு வீடு எடுங்கள், அதுதான் முதல் வேலை. எல்லா ஊரிலும் உள்ள பெரிய பல்பொருள் அங்காடிகளில் பாஸ்மதி, துவரை இல்லாவிட்டாலும் மசூர் மாதிரிப் பருப்பு, கொண்டைக்கடலை, சர்க்கரை சேர்க்காத தயிர் கிடைக்கும். கொத்தமல்லி அந்த ஊர்ச் சமையலிலேயே உண்டு, கட்டுக்கட்டாக வாங்கலாம். கறிவேப்பிலை, பெருங்காயம், சாம்பார்ப் பொடியைப் பெட்டியில் வையுங்கள்.

வெளியே சாப்பிடும்போது 'சைவம்' என்றால் பல இடங்களில் இறைச்சி இல்லாதது என்பதோடு நின்றுவிடும். 'செம் கார்ன், செம் பெய்ஷ், செம் ஓவு' என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். கால்டு வேர்டு என்ற கீரை சூப்பில் ஷொரீசு என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். பீன்ஸ் வேகவைப்பதிலும் அதைப் போடுவார்கள்.

அம்மாவுக்கு நிச்சயம் பிடிப்பது: சீரகம், பூண்டு, கொத்தமல்லி, வினிகரில் ஊறிய கேரட், அல்கார்வின் சொந்தப் பதார்த்தம். தக்காளி, வெள்ளரி, ஓரிகானோ, ரொட்டித் துண்டு போட்ட குளிர்ந்த அர்ஜமோல்யு சூப், மேலே ஹாம் போடாமல். ஸெர்பா, அஸெய்தான் செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிகளை முள்பூச் சாறு விட்டு உறைய வைப்பார்கள், கன்றின் இரைப்பை நொதி கிடையாது. இனிப்பில் பாஷ்டெல் டி நாடா, டோம் ரோட்ரிகு இரண்டும் முட்டைதான். அத்திப்பழமும் பாதாமும் சேர்த்து அமுக்கிய 'கெய்ஜு டி ஃபிகு' முட்டை இல்லாதது. சிலர் மெட்ரோன்யு சாராயம் கொஞ்சம் விடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, சின்ன மத்தி மீன் பேஸ்ட் டப்பா வைப்பார்கள். அது இலவசம் இல்லை. தொடாததற்குப் பணம் கேட்கச் சட்டப்படி முடியாது, வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு: பட்டியலில் விலை கிலோவுக்கு இருக்கும். நிறுத்துக் காட்டச் சொல்லி, தொகை கேட்டபின் சுடச் சொல்லுங்கள். இரவு உணவு பெரும்பாலும் ஏழுக்குத்தான் தொடங்கும், பிள்ளைக்கு ஆறு மணிக்கே ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

செல்வி_ரெடிங்

எல்லோருக்கும் நன்றி. தவீராவில் சமையலறை வீடு பார்த்துவிட்டோம். காருக்கு இரண்டு நாள் என்றால், அந்த இரண்டு நாளில் அப்பா படி இறங்காமல் எதைப் பார்க்கலாம்?

தெற்குக்காற்று

கதிர் சொன்னது நியாயம்தான், மேற்குக்குக் கார் எடுங்கள். வார நடுவில், அடுத்தடுத்த இரண்டு நாளாக.

முதல் நாள் காலை பெனஜில் படகு, போர்ட்டிமான் அல்லது கார்வுவேய்ரு பக்கத்திலிருந்து. படகு ரத்தானால் மறுநாள் காலைக்குத் தள்ளலாம். பிறகு மரீன்யா கடற்கரைக்கு மேலே வாகன நிறுத்தம் அருகிலிருந்தே இரட்டை வளைவுப் பாறை தெரியும், கீழே இறங்க வேண்டாம். கார்வுவேய்ருவில் கோட்டைத் தேவாலயத்திலிருந்து அல்கார் ஸேக்கு வரை பாறை விளிம்பில் மரப்பலகை நடைபாதை, அப்பா மெதுவாக நடக்கலாம். கடைசியில் குகைக்கு இறங்கும் படிகள் மட்டும் வேண்டாம்.

இரண்டாம் நாள் லாகுஷில் பொன்டா ட பியெடாடே முனையின் மேல்தளம், பிறகு சாக்ரெஷ், மாலையில் சாவ் விசென்ட் முனை. காற்று ஓயாமல் அடிக்கும், செப்டம்பரிலும் எல்லோருக்கும் மேலங்கி எடுங்கள். சூரியன் மறையும் நேரம் வண்டி நிறுத்த இடம் இருக்காது, ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அங்கிருந்து தவீரா திரும்ப இரண்டு மணி நேரம் ஆகலாம், மகன் பின்னிருக்கையிலேயே தூங்கிவிடுவான்.

கார் இல்லாத நாள் ஒன்றில் வில ரியலுக்கு ரயிலில் போய், குவாடியானா ஆற்றைப் படகில் தாண்டி ஸ்பெயினின் அயமோன்ட் பார்க்கலாம். ஐந்து பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும், பெற்றோரின் விசா பக்கம் உட்பட. அக்கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை எந்த நாட்டு நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.