மறுமொழி: கைமுறைக் குவியமா, கைக்குவியமா?

வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். லைக்கா மாதிரியான விலையுயர்ந்த ஃபிலிம் கேமராக்களை இன்றைக்கும் ஏன் வாங்குகிறார்கள் என்று கட்டுரை எழுதுகிறவர் மூன்று சொல்லுக்குத் தமிழ் கேட்டிருக்கிறார்: மேனுவல் ஃபோகஸ், ரேஞ்ச்ஃபைண்டர், லக்சுரி. ஃபோகஸுக்குக் 'குவியம்' இருக்கிறது; லென்ஸைக் கையால் திருப்பிப் படத்தைத் தெளிவாக்குகிற அந்த முதல் சொல்லைப் பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

> 'கைமுறைக் குவியம்' என்றே வைத்துவிடலாம். 'கைமுறை இயக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இருக்கிறது ஐயா, ஆனால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பம்ப்செட் பெட்டியிலும் ஜெனரேட்டர் பக்கத்திலும். தானியங்கி படுத்துவிட்டால் கையால் போட்டுக்கொள் என்று சொல்வதற்கு. வேறு வழியில்லாதபோது செய்கிற வேலை என்ற வாசனை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5,000 டாலருக்கு மேல் கொடுத்து ஒருவர் ஆசையாக வாங்குகிற வசதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும் கேமராக்களில் கொனிகா சி35 ஏஎஃப் 1977-இல் வந்தது, மினோல்டா 7000 வந்தது 1985-இல். அதற்கு முன்னால் ஃபோகஸ் என்றாலே கையால் செய்வதுதான். 'மேனுவல்' என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. இயந்திரம் வந்த பிறகு பழையதன் தலையில் ஏறிய அடைமொழி அது. நம்மிடம் இதே கதை வேண்டிய மட்டும் உண்டு. ஆலைத் துணி வரும்வரை தறி வெறும் தறிதான். அப்புறம்தான் அது கைத்தறி. மில் அரிசி வந்த பிறகுதான் கைக்குத்தல் அரிசி. இன்றைக்குக் கடையில் எதற்கு விலை கூட? அரிசியில் கைக்குத்தலுக்கு, புடவையில் கைத்தறிக்கு, முறுக்கிலும் கைமுறுக்குக்குத்தான். ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த ஒன்று, இயந்திரம் வந்ததும் தேடிப்போய் வாங்குகிற சரக்காகிவிட்டது. கட்டுரைக்காரர் கேட்கிற 'ஏன்' என்பதற்குப் பாதிப் பதில் இந்தக் 'கை'யிலேயே இருக்கிறது.

லைக்கா எம்6 என்ற மாதிரி 1984-இல் வந்து 2002-இல் நின்றுபோனது. 2022 அக்டோபரில் அதே பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போது அமெரிக்காவில் 5,295 டாலர். அதுவும் உடல் மட்டும், லென்ஸ் தனி. தானாகக் குவியாது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானிக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் ஷட்டர் விழும். 2014-இல் வந்த எம்-ஏ என்ற இன்னொரு லைக்கா மாதிரியில் ஒளிமானிகூடக் கிடையாது. இல்லாததை எல்லாம் வரிசையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள்! எனவே என் ஓட்டு 'கைக்குவியம்' என்பதற்கு. கைக்குத்தல் அரிசி பக்கத்தில் அது இயல்பாக உட்காரும்.

> கைக்குவியம் என்றால் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது. கை குவித்தல் என்றால் கூப்புதல்தானே?

நல்ல கேள்வி. விலையைப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றும் என்பது வேறு விஷயம். ஆனால் ஒற்று நம்மைக் காப்பாற்றுகிறது. கையைக் குவித்தல் என்ற பொருளில் 'கைகுவித்தான்' என்கிறோம். கைகட்டினான், கைதட்டினான் போல ஒற்று மிகாது. கையால் ஆனது என்னும்போது கைத்தறி, கைக்குத்தல் என்று மிகும். ஆகவே 'கைக்குவியம்' என்று க் போட்டே எழுத வேண்டும். ஒற்றை விட்டால் பக்தி வந்துவிடும்.

> ரேஞ்ச்ஃபைண்டருக்கு 'தொலைவுமானி'. வெப்பமானி போல.

இதில் எனக்கு உடன்பாடில்லை. மானி என்றால் எண் காட்ட வேண்டும். குவியம் சரியா என்று பார்க்கக் கேமராவுக்குள் இருக்கும் இந்தக் கருவி கண்ணுக்கு எண் எதையும் காட்டுவதில்லை. நண்பர் ஒருவரிடம் பழைய லைக்கா எம்3 இரவல் வாங்கிச் சில வாரம் வைத்திருந்தேன். 1954-இல் அறிமுகமான மாதிரி. காட்சிச் சன்னலின் நடுவே சின்னதாக, கொஞ்சம் வெளிச்சமான ஒரு கட்டம். மாடியில் இரும்புக் கிராதியைப் பார்த்தால் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் கம்பி இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, ஒரு கம்பி நகர்ந்து வந்து மற்றதன் மேல் படியும். படிந்த இடம்தான் குவியம். ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு சன்னல்கள் ஒரே பொருளைப் பார்ப்பதால் வருகிற வேலை இது; நம் இரண்டு கண் செய்வதுதான். வளையத்தில் மீட்டர் கணக்குப் பொறித்திருக்கும், எடுக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. அளக்கவில்லை, காண்கிறோம். ஆகையால் 'தொலைவுகாணி'. காணி என்றதும் நிலம் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தொலைவுகாணியில் கண் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றாமலே எட்டுப் படம் எடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் கம்பியைக் கம்பியோடு நேராகப் பொருத்தி. ரோலைக் கழுவிக் கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

> லக்சுரி = சொகுசு

சொகுசுப் பேருந்தில் சாய்ந்து தூங்கலாம். இந்தக் கேமராவில் ஃபிலிம் மாட்டவே அடித்தட்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆடம்பரம் என்பதும் முழுக்கப் பொருந்தாது. எம்-ஏ-வின் முகப்பில் லைக்காவின் அடையாளமான அந்தச் சிவப்புப் பொட்டுகூட இல்லை. ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் தோல் போர்த்திய பதிப்புகளை வேண்டுமானால் ஆடம்பரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாங்குகிறவர்கள் பேசுவதைக் கேட்டால் நகைக்கடைப் பேச்சுதான். பித்தளை, கண்ணாடி, லைக்காவின் ஊரான ஜெர்மனியின் வெட்ஸ்லரில் கையால் பூட்டிய செய்கூலி. 'விற்றாலும் போட்ட காசு வரும்' என்ற சமாதானம் வேறு. லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் சொந்தமாக வைத்திருந்த முன்மாதிரி ஒன்று 2022 ஜூனில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அதைக் கேட்ட பிறகு இந்தச் சமாதானத்துக்குத் தெம்பு கூடிவிட்டது. அந்த ஏல விலைக்கும் கடையில் வாங்குகிற எம்6-க்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். தலைப்பில் 'உயர்விலைக் கேமரா' என்று போட்டுவிட்டு, உள்ளே இதை விளக்கலாம்.

ஆட்டோஃபோகஸுக்குத் 'தன்குவியம்' போதும். சிக்கல் வினையில்தான் இருக்கிறது. 'ஃபோகஸ் பண்ணு', 'ஃபோகஸ் வை' என்பதற்குக் 'குவி' என்றால் படமெடுக்கிறவர்கள் வாயில் வருமா? சினிமா யூனிட்டில் ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் அந்த வேலையைக் கையால்தான் செய்கிறார், அங்கே யாரும் அதை மேனுவல் என்று சொல்வதில்லை. குழுவில் படப்பிடிப்புத் துறையில் இருப்பவர்கள் உண்டு. செட்டில் அவரிடம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், 'ஃபோகஸை இழு' என்றா, 'பிடி' என்றா? அது தெரிந்தால் வினையை முடித்துவிடலாம்.