கிடாக் குட்டிகளுக்குச் சிறுநீர் அடைப்பு: அம்மோனியம் குளோரைடு பற்றி அனுபவமுள்ளவர்கள் கூறவும்

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பகுதியில் கொட்டில் முறையில் வளரும் எங்கள் மேச்சேரி இனச் செம்மறிக் கிடாக் குட்டிகள், அடர்தீவனத்தைக் கூட்டிய ஆடி மாதம் முதல் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குகின்றன. சொட்டுச் சொட்டாகவே சிறுநீர் வருகிறது. குறியின் முனை மயிரில் மணல்போன்ற துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அதே தீவனத்தைத் தின்னும் பெட்டைகளுக்குத் தொல்லை இல்லை.

அடர்தீவனத்தில் மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, கடலைப்புண்ணாக்கு, தாது உப்பு ஆகியவை உள்ளன. உலர்தீவனம் சோளத்தட்டு மட்டுமே. தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி என்பதோடு, தட்டு குறைந்தால் அசைபோடுவதும் உமிழ்நீரும் குறைந்து, புழுக்கையில் கழிய வேண்டிய பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். ஒரு கிடாவுக்குக் குறிமுனையிலுள்ள புழுபோன்ற நீட்சியை அவர் நறுக்கிவிட்ட பின்னரே சிறுநீர் பிரிந்தது.

தவிட்டைக் குறைத்து, கால்சியமும் பாஸ்பரசும் 2:1 விகிதத்தில் அமையுமாறு சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்தோம். பயறுவகைப் பசுந்தீவனமான வேலிமசால் கொடுத்தோம், கறியுப்பைக் கூட்டி, எந்நேரமும் சுத்தமான தண்ணீர் வைத்தோம். (வெறும் வாழைத்தண்டுச் சாறு போதும் என்போரின் யோசனை எனக்கு ஏற்புடையதாக இல்லை.) புதிதாக அடைப்பு வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

சிறுநீரை அமிலத்தன்மையாக்கிக் கல் சேராமல் தடுக்கும் உப்பான அம்மோனியம் குளோரைடை அடர்தீவனத்தில் 1 சதவீதம் கலப்பதானால், விற்பனை வரை நாள்தோறும் கொடுக்கலாமா, அல்லது இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டுமா?