புதுப்பிப்பு: படகு காரைக்குடிக்கு வந்துவிட்டது

பாய்மரப் படகு வாங்கலாம் என்று, தனியாக ஓட்ட லேசர் என்ற சின்னப் படகா, குடும்பத்தோடு போக வேஃபேரர் என்ற பெரிய படகா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழைய வேஃபேரர் ஒன்றை வாங்கிவிட்டேன். லேசர் வெறும் கூடு 59 கிலோதான், ஒரே ஆள் இழுத்துவிடலாம். ஆனால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? வேஃபேரர் 4.8 மீட்டர், 170 கிலோவுக்குப் பக்கம். தனியாகப் போனால் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொள்கிறேன். படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையை மேலே தூக்கிவிடலாம் என்பதால் தொண்டிப் பக்கத்து ஆழமில்லாக் கடலுக்குச் சரியாக இருக்கிறது.

பாய்மரத்தை வீட்டு முற்றத்து வளவுத் தூண்களோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் ஆச்சி அதில் சேலை காயப்போட்டிருக்கிறார்கள்!

அப்புறம், டிரெய்லர் சக்கரத்தை உப்புத் தண்ணீரில் இறக்கிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டேன். பேரிங் இப்போது கரகரக்கிறது. என் தப்புதான்.