முதலுக்கு மோசம் வராமல்: வளங்குன்றா வளர்ச்சியையும் அமானிதத்தையும் எப்படி இணைத்து எழுதுவது?

காரைக்குடி மாணவன் (கேள்வி)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் காரைக்குடியில் இளங்கலைப் பொருளியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வளங்குன்றா வளர்ச்சியையும், பூமியைப் பேணுவது பற்றி இஸ்லாம் சொல்வதையும் அறிமுகப்படுத்தும் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன். முன்னுரையை மூன்று முறை எழுதியும் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே வந்திருக்கின்றன. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலுக்குக் கேடு வராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே வளங்குன்றா வளர்ச்சி என்று 1987-இல் ஐக்கிய நாடுகள் அவையின் புருன்ட்லாண்ட் குழு தந்த விளக்கம் முதலில் வருகிறது. பிறகு 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 இலக்குகள் வருகின்றன. அதன் பின் இலக்குக்கு ஒன்றாக இறைவசனங்களைப் பொருத்திக்கொண்டே போகிறேன். அதைப் படித்த என் பேராசிரியர், "இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்திருக்கிறாய், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசவே இல்லையே" என்றார்.

பூமியில் மனிதனின் நிலையைச் சொல்லும் கலீஃபா, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்னும் அமானிதம், மீஸான் என்னும் சமநிலை, வீண்விரயத்தின் மீதான தடை ஆகிய நான்கில் எதைத் தூணாக நிறுத்தினால் கட்டுரை நிற்கும்? நம் செட்டிநாட்டிலேயே கண்ணால் கண்டு எழுதக்கூடிய எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

தேவகோட்டை ஆசிரியர்

வ அலைக்குமுஸ் ஸலாம், தம்பி. அமானிதத்திலிருந்து தொடங்குங்கள். குர்ஆனின் 33:72 வசனத்தில், வானங்களும் பூமியும் மலைகளும் அஞ்சிச் சுமக்க மறுத்த அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்று வருகிறது. அந்த வசனம் அதற்காக மனிதனைப் பாராட்டவில்லை. அவன் பெரும் அநியாயக்காரன், அறியாதவன் என்றே முடிகிறது. பலர் முதல் பாதியை மட்டும் எடுத்தெழுதிப் பெருமைப்படுகிறார்கள். நீங்கள் முழு வசனத்தையும் எழுதுங்கள்.

சபர் (பயணம்) போகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த நகை எப்படிப்பட்டதோ, அப்படிப்பட்டதுதான் பூமி. பொருளியல் மாணவராகிய உங்களுக்கு இந்த எண்ணத்தைச் சட்ட வடிவில் காட்டுவது வக்ஃபு, அதாவது அறத்துக்கென நிலையாக ஒதுக்கிவைத்த சொத்து. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைவைத் தருமம் செய்யலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். அதன்படி அந்த நிலத்தை விற்கவும் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது, அது வாரிசுகளுக்கும் போகாது. அதில் விளைவது ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உரியது. நிலத்தைப் பராமரிப்பவரும் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். இந்தச் செய்தி புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. முதலைத் தொடாமல் விளைவை உண்பது என்னும் இந்த ஒழுங்கை 1987-ஆம் ஆண்டு விளக்கத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். உங்கள் பேராசிரியர் எதிர்பார்த்த பேச்சு அங்கே தொடங்கும். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போனவர்களின் ஊரில் பிறந்த நமக்கு, முதலுக்கு மோசம் வரக்கூடாது என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

புதுவயல் வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். கலீஃபா என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 2:30 வசனத்தில் அதைச் சில தமிழாக்கங்கள் 'பிரதிநிதி' என்றும், சில 'தலைமுறை' என்றும் பெயர்க்கின்றன. அந்தச் சொல்லின் வேரிலேயே 'பின்னால் வருதல்' என்ற பொருள் இருப்பதால், பழைய விரிவுரையாளர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. 'மனிதன் இறைவனின் பிரதிநிதி, ஆகவே எல்லாம் அவனுக்கே' என்று எழுதினால் வாதம் தலைகீழாகிவிடும். உலகம் இனிமையும் பசுமையும் உடையது, அதில் உங்களை அமர்த்தி நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று இறைவன் பார்க்கிறான் என்னும் கருத்தில் முஸ்லிம் என்னும் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. உங்கள் கட்டுரைக்கு அது பாதுகாப்பான ஆதாரம். இன்றைய முயற்சிகளைக் குறிப்பிட விரும்பினால், 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியக் காலநிலைப் பிரகடனத்தைச் சொல்லுங்கள்; ஒரு வரி போதும்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, நான் மார்க்கம் படித்தவள் இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஐப்பசி மழைக்கு முன்பே ஓட்டைப் பெருக்கிவிடுவார்கள். முதல் மழை அழுக்கோடு போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு வளவு முற்றத்தின் நான்கு மூலைகளிலும் அண்டாக்களை வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடிப்போம். மிஞ்சியது முற்றத்துத் துவாரம் வழியாகத் தெருவுக்குப் போய், வரத்துக்காலில் (குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில்) சேர்ந்து ஊருணிக்குப் போகும். குடிதண்ணீர் ஊருணிக்குள் காலைக் கழுவினால், யார் வீட்டுப் பிள்ளையானாலும் வசவு விழும். அந்த ஆண்டு வந்த மழையைத்தான் அந்த ஆண்டு குடித்தோம். இப்போது வரத்துக்காலை மறித்து மனை போட்டிருக்கிறார்கள், மிச்ச இடத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு இறக்குகிறோம். ஆசிரியர் சொன்ன கணக்கில் பார்த்தால், விளைவை ஓடவிட்டு முதலைத் தின்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் காலத்து ஊருணிகளில் எல்லாச் சாதியாரும் இறங்கித் தண்ணீர் எடுக்க முடிந்ததில்லை. பழையதெல்லாம் பொற்காலம் என்று எழுதினால் அது பொய்யாகும்.

காரைக்குடி மாணவன்

ஆச்சி கடைசியாகச் சொன்னதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. எவரையும் பின்தங்க விட்டுவிடக் கூடாது என்பது 17 இலக்குகளின் அடிப்படை வாக்குறுதி. ஊருணியை நடுவில் வைத்தால் இரண்டும் ஒரே படித்துறையில் வந்து நிற்கின்றன. 6-ஆம் இலக்கு தண்ணீரைப் பற்றியது என்று வெறுமனே எழுதியிருந்தேன். தண்ணீர் யாருக்கு உரியது என்று நான் கேட்கவே இல்லை.

நேற்று மாலை வீட்டில் ஒரு சோதனை செய்தேன். குழாயை வழக்கம்போலத் திறந்துவிட்டு, கீழே வாளியை வைத்து ஒளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுதல்) செய்தேன். விழுந்த தண்ணீரை லிட்டர் குவளையால் அளந்தபோது ஆறு குவளைக்கு மேல் வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) ஒரு முத் அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று புகாரியில் படித்தபின் எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த அளவீட்டையும் கட்டுரையில் சேர்க்கலாமா, ஐயா?

தேவகோட்டை ஆசிரியர்

தாராளமாகச் சேர்க்கலாம், தம்பி. ஒரு முத் என்பது பெரும்பான்மைக் கணக்கில் முக்கால் லிட்டருக்குள் அடங்கும். ஹனஃபி மத்ஹப் என்னும் சட்ட மரபின் கணக்கில் கூடுதலாக வரும். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைக் கட்டுரையில் குறிப்பிட்டுவிடுங்கள். ஒரு நாள், ஒரு ஆள், ஒரு வாளி என்பது கருத்தரங்குக்குப் போதாது. பள்ளிவாசல் மோதினாரிடமும் ஜமாஅத்தாரிடமும் அனுமதி பெற்று, ஹவுளில் (நீர்த்தொட்டியில்) ஒளூச் செய்பவர் சிலரையும் குழாயில் செய்பவர் சிலரையும் ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆக் கூட்டத்தில் அளக்க முடியாது, மற்ற நாள்களின் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரம் தோதாக இருக்கும். ஆச்சி சொன்ன வரத்துக்காலையும் ஒருமுறை தொடக்கம் முதல் ஊருணிவரை நடந்து பார்த்து, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு இணையுங்கள்.