வீட்டுக்குள் நெட்வொர்க் அமைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீட்டில் டெஸ்க்டாப், லேப்டாப், பிரிண்டர், டிவி எல்லாம் இருக்கும். ஆனாலும் ஒரு வீடியோவை அடுத்த அறைக் கணினிக்குக் கொண்டுபோக பென் டிரைவைத் தேடுவார்கள், இல்லையென்றால் தங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்வார்கள். ரவுட்டரை இணையம் தருகிற பெட்டி என்று மட்டும் நினைப்பதால் வருவது இது. வெளி இணைப்பு அறுந்து கிடக்கும் நேரத்திலும் அந்தப் பெட்டி வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்துக்கொண்டுதான் இருக்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் வீட்டுக்குள் நடப்பதை மட்டும் பேசுவோம். நான் ஆரம்பிக்கிறேன்.

நகராத கருவிக்கு கேபிள், நகரும் கருவிக்கு வைஃபை. இதில் நான் பிடிவாதமாக இருப்பவன். சுவருக்குள் ஏற்கெனவே கேட் 5இ ரக நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தார்கள். ஒரு முனையை ரவுட்டரின் லேன் போர்ட்டிலும் (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) மறுமுனையை டெஸ்க்டாப்பிலும் மாட்டியதும் இணைப்பு வந்துவிட்டது. ஆனால் கேபிளில் இருந்த இன்னொரு கணினியிலிருந்து பெரிய ஃபைலை காப்பி செய்தால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. இந்த 11 ஒரு நல்ல தடயம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட், எம்பி என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அதை 8ஆல் வகுத்தால் 12.5 எம்பி, அதிலும் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். ரவுட்டரும் இரண்டு கணினிகளும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகம் தாங்குபவை. அப்படியென்றால் கோளாறு நடுவில்தான். டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் ஸ்டேட்டஸைத் திறந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றுதான் காட்டியது.

கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கின் பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்க்க முடியும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் முனைவரை போய்த் தங்க நிறப் பற்களுக்கு அடியில் நின்றன. பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நூல் அளவு உள்வாங்கி நின்றது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும், அதனால்தான் இணைப்பு வந்தது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை கிரிம்ப் செய்தேன், அதாவது கம்பிகளை உள்ளே வைத்து இடுக்கியால் அழுத்தினேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. அப்புறம் அதே ஃபைல் நொடிக்கு 110 எம்பியைத் தொட்டது. வேகம் குறைகிறது என்று புது ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

* * *

நல்ல இழை, நண்பரே. எங்கள் வீட்டு அனுபவம் பிரிண்டரோடு.

வைஃபை பிரிண்டர் சில நாள் ஒழுங்காக அச்சடிக்கும், திடீரென்று ஆஃப்லைன் என்று சொல்லும். நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும், பிறகு பழைய கதை. காரணம், ரவுட்டர் கருவிகளுக்கு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) வாடகைக்குத்தான் கொடுக்கிறது. டிஹெச்சிபி என்பது அந்த ஏற்பாடு. பிரிண்டரை அணைத்துவைத்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துப் போட்டால் அதற்கு வேறு எண் கிடைக்கலாம். கணினியோ பழைய 192.168.1.23க்கே வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்) அங்கே ஒரு ஐபி எண்ணோடு கட்டிவைத்துவிட்டால் எப்போதும் அதே எண்தான் கிடைக்கும். கணினியிலும் அந்த எண்ணைக் கொடுத்தே பிரிண்டரைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஆஃப்லைன் தொல்லை இல்லை. எல்லாக் கருவிக்கும் இது வேண்டியதில்லை. மற்றவர்கள் தேடி வருகிற கருவிக்கு மட்டும் போதும்.

* * *

அக்கா வீட்டில் மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று கீழேயிருந்து கேபிள் இழுத்து, மேலே இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தார்கள். பொருத்திய ஆள் கேபிளை அதன் வேன் போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், செருகிவிட்டுப் போய்விட்டார். இணையம் வந்தது. ஆனால் மாடியில் இருந்தால் கீழே உள்ள பிரிண்டர் பட்டியலிலேயே வராது, கீழேயிருந்து மாடிக் கணினியின் ஃபோல்டரைத் திறக்கவே முடியாது. அக்கா பாவம், ஒவ்வொரு முறையும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வருவார்.

கீழே எண்கள் 192.168.1 என்று ஆரம்பித்தன, மேலே 192.168.0. ஒரே வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க். இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டது. அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதன் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியை வேறு யாரோடும் மோதாத எண்ணுக்கு மாற்றி, கேபிளை லேன் போர்ட்டில் செருக வேண்டும். டிஹெச்சிபியை நிறுத்தாமல் செருகினால் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பிப்பார்கள், இணையமும் வந்து வந்து போகும்.

இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்தோம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கீழே சேனல் 1, மேலே 11. அங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 தான்.

* * *

எல்லாம் சரி, என் பக்கம் ஒரு சந்தேகம். இரண்டு விண்டோஸ் லேப்டாப், ஒரே வைஃபை. ஃபோல்டரை ஷேர் செய்தாயிற்று. மற்றதில் தெரியவே இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

* * *

இந்த இழையை ஆரம்பித்தவன்தான். வரிசையாகப் பாருங்கள். வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் விண்டோஸ் உங்கள் கணினியை மறைத்துவைக்கும். பிரைவேட் என்று மாற்றுங்கள். ஒரு லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விருந்தாளிக் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இருக்கும் வசதி அது. ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். இது மூன்றும் சரியாக இருந்தால், ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு மற்ற லேப்டாப்பின் ஐபி எண்ணை அடியுங்கள். ஹோம்குரூப் (விண்டோஸின் பழைய பகிர்வு வசதி) அமைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். விண்டோஸ் 10இல் அது 2018லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

* * *

பப்ளிக் என்றுதான் இருந்தது! மாற்றியதும் தெரிகிறது, மிக்க நன்றி. ஆனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. தினமும் லேப்டாப்பைத் திறக்கும் எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது.

* * *

அது பின் (PIN) எண், அந்தக் கருவிக்குள் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வரும்போது அந்த லேப்டாப்பில் உள்ள கணக்கின் பெயரும் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்ட் பாதுகாப்பை நிறுத்திவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஃபோல்டரைப் பகிரும் லேப்டாப்பில் இதற்கென்றே தனியாக ஒரு சாதாரண பயனர் கணக்கைத் திறந்து, அதற்கு அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்ற லேப்டாப்பில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்துவிட்டால் மறுபடி கேட்காது.